நாலாம் நாளில்தான் சூரியன் என்றால் முதல் நாள் சாயங்காலம் எப்படி வந்தது?

ஞாயிறு டீச்சர்

போன வாரம் ஞாயிறு பள்ளியில் வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் முதல் அதிகாரம், ஆறு நாள் படைப்பு. ஆளுக்கு ஒரு நாள் என்று பிரித்துக் கொடுத்துப் படம் வரையச் சொன்னேன். முதல் நாள் கிடைத்த சிறுமி, எல்லாப் பிள்ளைகளும் செய்வதுபோல, தாளின் மூலையில் கால்வட்டமாக ஒரு சூரியனைப் போட்டு மஞ்சள் தீட்டிவிட்டாள். பக்கத்தில் இருந்த பையன் "அழி, அழி, சூரியன் என்னோட நாள்" என்றான். அவனுக்கு நாலாம் நாள். இவளும் அழித்தாள். கிரேயான் எங்கே முழுதாக அழியும்? ஒரு மஞ்சள் கறை நின்றுவிட்டது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "அப்போ சூரியன் இல்லாம எப்படி டீச்சர் சாயங்காலம் வந்துச்சு?"

"கடவுளால எல்லாம் முடியும்" என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது.

அதனால் இங்கே கேட்கிறேன். இந்தப் பகுதியை உருவகமாக வாசித்தால் என் விசுவாசத்தில் எது நிற்கும், எது போகும்? "சந்தேகப்படாதே, ஜெபம் பண்ணு" என்பது மட்டும் வேண்டாம். ஜெபம் பண்ணிவிட்டுத்தான் கேட்கிறேன்.

பழைய ஏட்டுக்காரன்

டீச்சர், உங்கள் மாணவிக்குப் பெரிய இடத்துத் துணை இருக்கிறது. இதே கேள்வியை மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிகன் என்ற சபை அறிஞர் கேட்டுவிட்டார். சூரியனும் சந்திரனும் நட்சத்திரமும் இல்லாத முதல் மூன்று நாளுக்கு ஏது மாலை, ஏது காலை? கடவுள் ஒரு குடியானவனைப்போலத் தோட்டம் போட்டார் என்பதைப் புத்தியுள்ள எவன் அப்படியே எடுத்துக்கொள்வான்? இதுதான் அவர் கேட்டது. அப்போது டார்வினும் இல்லை, தொலைநோக்கியும் இல்லை. வசனத்தைக் கவனமாக வாசித்ததிலிருந்தே வந்த கேள்வி.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுஸ்தீன் என்ற பிஷப், ஆதியாகமத்துக்கு நேர்ப்பொருள் சொல்வதற்கென்றே ஒரு பெரிய நூல் எழுதினார். பத்து வருடத்துக்கு மேல் பிடித்தது. தலைப்பு நேர்ப்பொருள், உள்ளே போனால் கடவுள் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் படைத்தார், ஆறு நாள் என்பது கால அளவே இல்லை என்கிறார்! அதே நூலில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. வானத்தையும் கோள்களையும் பற்றி நன்றாகத் தெரிந்த ஒரு அவிசுவாசியின் முன்னால் கிறிஸ்தவன் வேதத்தின் பேரால் உளறினால், பிறகு உயிர்த்தெழுதலைப் பற்றி அந்த வேதம் சொல்வதை அவன் எப்படி நம்புவான் என்கிறார்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நாலாம் நூற்றாண்டில் பெரிய பசிலியு ஆறு நாள் படைப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தபோது, இப்படி ஞான அர்த்தம் தேடியவர்களை நேராகவே சாடினார். எனக்குப் புல் என்றால் புல்தான், மீன் என்றால் மீன்தான் என்றார். ஆக, இரண்டு கட்சியும் ஆதியிலிருந்தே சபைக்குள்தான் இருந்தன.

வேதமே விளக்கு

சகோதரிக்கு ஸ்தோத்திரம். ஒரிகனுடைய போதனைகளை ஆறாம் நூற்றாண்டில் சபை கண்டனம் செய்ததையும் சகோதரர் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

நான் முதல் நாள் வெளிச்சத்தை வைத்துச் சண்டை போட வரவில்லை. வெளிச்சத்துக்குச் சூரியன் கட்டாயம் இல்லை. வெளிப்படுத்தலின் கடைசியில் வரும் நகரத்துக்கும் சூரியன் வேண்டியதில்லை. என் கவலை வேறு. ஆதியாகமம் 2:4ஐத் திறந்து பாருங்கள். "வானமும் பூமியும் சிருஷ்டிக்கப்பட்ட வரலாறு இவைகளே." வரலாறு! இதே சொல்தான் 5:1இல் ஆதாமின் வம்சவரலாறு. நோவாவுக்கும் சேமுக்கும் தேராகுக்கும் ஈசாக்குக்கும் யாக்கோபுக்கும் இதே சொல். ஒரே நூலில் கோத்த மணிகள். ஆபிரகாம் நிஜம், ஆதாம் உருவகம் என்றால், எந்த மணிக்கும் எந்த மணிக்கும் நடுவில் நூலை அறுப்பீர்கள்? லூக்கா மூன்றாம் அதிகாரம் இயேசுவின் வம்சத்தை ஆதாம் வரை கொண்டுபோய் நிறுத்துகிறது. ஒரு உருவகத்துக்குப் பேரன் பிறப்பானா?

ஓய்வுநாள் கட்டளைக்கு யாத்திராகமம் 20:11 சொல்கிற காரணமே கர்த்தர் ஆறு நாளில் உண்டாக்கினார் என்பதுதான். இதைத் தொட்டால் கட்டளையையே தொடுகிறோம்.

பழைய ஏட்டுக்காரன்

ஒரிகன் கண்டனத்துக்கு உள்ளானது ஆத்துமாக்கள் உடலுக்கு முன்பே இருந்தன என்பது போன்ற போதனைகளுக்காக. நாட்களைப் பற்றிச் சொன்னதற்காக இல்லை.

வம்சவரலாறு வாதம் கனமானதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் காட்டிய அதே 2:4இன் அடுத்த பாதி "பூமியையும் வானத்தையும் படைத்த நாளில்" என்கிறது. ஆறு நாளும் சேர்ந்து இப்போது ஒரே நாள்! அங்கிருந்து கதை திரும்பவும் முதலிலிருந்து தொடங்குகிறது, வரிசை மாறுகிறது. முதல் அதிகாரத்தில் செடி, பிறகு மிருகம், கடைசியில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே. இரண்டாவதில் முதலில் மனுஷன், பிறகு தோட்டம், அவன் தனிமைக்காக மிருகங்கள், கடைசியில் ஸ்திரீ. தேவன் என்று வந்தவர் இங்கே தேவனாகிய கர்த்தர் ஆகிறார். தொகுத்தவருக்கு இது கண்ணில் படாமலா இருந்திருக்கும்? பட்டும் இரண்டையும் அருகருகே வைத்தார். நிகழ்ச்சிக் குறிப்பாக நினைத்திருந்தால் ஒன்றைத் திருத்தியிருப்பாரே.

சும்மா வாசகன்

வெளியே போய்ப் பல வருடம் ஆனவன். கோபப்படாமல் படியுங்கள்.

ஆயிரத்தைந்நூறு வருடம் பெரும்பாலான ஜனங்களுக்கு ஆதாம் நிஜ மனுஷன்தான். 1650இல் அயர்லாந்தின் பேராயர் அஷர் உட்கார்ந்து கூட்டிக் கழித்து, உலகம் கிமு 4004இல் தொடங்கியது என்று எழுதினார். அந்தத் தேதி வேதாகம ஓரங்களில் அச்சாகியும் வந்தது. பூமிக்கு வயது 454 கோடி வருடம் என்று தெரிந்த பிறகு "நாங்கள் எப்போதுமே உருவகம் என்றுதானே சொன்னோம்" என்கிறீர்கள். அறிவியல் துரத்தத் துரத்த வேதம் உருவகமாகிக்கொண்டே போகிறது. இன்றைக்கு ஆதாம், நாளைக்கு நோவா, அப்புறம் செங்கடல். இயேசுவின் காலிக் கல்லறைக்கு முன்னால் எந்தப் பலகையை நட்டு "உருவகம் இத்துடன் முடிகிறது" என்று எழுதப் போகிறீர்கள்?

வேதமே விளக்கு

சும்மா வாசகன் தம்பி கேட்டதுதான் என் கேள்வியும். அவர் வெளியே நின்று கேட்கிறார், நான் உள்ளே நின்று கேட்கிறேன்.

தமிழ் வாத்தியார்

ஒரு சொல்லை வைத்துக் குழப்பிக்கொள்கிறோம் என்று தோன்றுகிறது. உருவகக் கதை என்றால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிகர் உண்டு. பாம்பு இது, கனி அது, நதி இன்னொன்று என்று சாவி போட்டுத் திறக்கலாம். திறந்தபின் கதையைத் தூக்கிப் போட்டுவிடலாம். ஏதேன் கதை அப்படித் திறக்கவில்லை. பைசோன், கீகோன், இதெக்கேல், ஐபிராத்து என்று நாலு ஆறுகள். கடைசி இரண்டும் இன்றும் ஓடுகிற டைகிரிசும் யூப்ரடீசும்தான். ஆனால் ஒரே ஆறு நாலாகப் பிரிகிற அந்த இடம் எந்த வரைபடத்திலும் அகப்படாது. பாதி நிலம், பாதி கனவு.

நம் பழைய கவிதையில் உள்ளுறை என்று ஒன்று உண்டு. கொக்கு மீனுக்காகக் காத்து நிற்கிற காட்சியைப் புலவர் சொல்வார். தலைவனைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. ஆனால் கேட்கிறவளுக்குச் சுருக்கென்று தைக்கும். அதற்காகக் கொக்கு பொய்யாகிவிடாது. கொக்கு கொக்காகவே நிற்கும், பொருள் உள்ளே இருக்கும். எபிரெயத்தில் மனிதன் ஆதாம், மண் அதாமா. மண்ணாங்கட்டி என்று பேர் வைத்ததுபோல. ஏவாள் என்றால் ஜீவன். பேர்களைக் கேட்டவுடனேயே அந்தக் காலத்து ஜனங்களுக்கு இது எந்த மாதிரிக் கதை என்று தெரிந்திருக்கும். நாம் மொழிபெயர்ப்பில் வாசிப்பதால் பேர் வெறும் பேராகிவிட்டது.

முதல் அதிகாரத்தில் இன்னொன்று. சூரியன், சந்திரன் என்ற சொற்களே அதில் கிடையாது. "பெரிய சுடர்", "சிறிய சுடர்" என்றுதான் வரும். சுற்றியிருந்த தேசங்களில் அந்த இரண்டு பேரும் தெய்வங்களின் பேர். பேரைச் சொல்லாமலே விளக்கு மாட்டுகிற வேலைக்கு இறக்கிவிட்டார் எழுதினவர். அதுவும் நாலாம் நாள்வரை காக்கவைத்து. சிறுமியின் கேள்விக்கு என் பதில் இதுதான்: சூரியன் நாலாம் நாள் வந்தது தவறிப்போய் அல்ல, வேண்டுமென்றே.

பழைய ஏட்டுக்காரன்

வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒன்று. நினிவேயில் தோண்டியெடுத்த களிமண் பலகைகளிலிருந்த பாபிலோனியப் படைப்புக் கதையை ஜார்ஜ் ஸ்மித் 1876இல் வெளியிட்டார். அதில் மர்துக் என்ற தெய்வம் தியாமத்தைக் கொன்று உடலை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை வானமாக்குகிறது. கொல்லப்பட்ட இன்னொரு தெய்வத்தின் இரத்தத்திலிருந்து மனிதனை உண்டாக்குகிறார்கள். எதற்கு? தெய்வங்களின் வேலையை இனி அவன் செய்வதற்கு. இதைக் கேட்டு வளர்ந்த காதில் "தேவன் வெளிச்சம் உண்டாகக்கடவது என்றார், வெளிச்சம் உண்டாயிற்று" எப்படி விழுந்திருக்கும்! சண்டை இல்லை, பிணம் இல்லை. மனிதன் அடிமையும் இல்லை, தேவனுடைய சாயல். ஆதியாகமம் வாதாடிக்கொண்டிருந்தது பாபிலோனோடு. நாம் அதை இழுத்துவந்து புவியியல் பாடப்புத்தகத்தோடு மோதவிடுகிறோம்.

கல்லும் காலமும்

பாறையோடு பிழைப்பு நடத்துகிறவன், விசுவாசியும்கூட. வயதைப் பற்றி நான் பேசப்போவதில்லை, அது முடிந்துபோன விஷயம். என்னை உறுத்துவது சாவு.

துளையிட்டு எடுக்கும் பாறை உருளையைக் கழுவி வெயிலில் சாய்த்துப் பார்த்தால், ஒரு சாண் நீளத்துக்குள் நூற்றுக்கணக்கான சிப்பி ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக. சில ஓட்டில் குண்டூசி முனைபோல வட்டமாக ஒரு துளை. வேறொரு நத்தை துளைபோட்டுத் தின்ற தடயம். அந்த வேட்டை நடந்தபோது மனிதன் என்று ஒருவன் வர இன்னும் கோடிக்கணக்கான வருடம் பாக்கி. "பாவத்தினாலே மரணம்" என்று அப்போஸ்தலன் பவுல் எழுதிய ரோமர் 5:12ஐ வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துளைதான் ஞாபகம் வரும். ஆறு நாளை உருவகம் என்று தாண்டிவிடலாம். இதை எப்படித் தாண்டுவது?

நான் வந்து நிற்கிற இடம் இதுதான்: பவுல் அங்கே மனுஷருடைய சாவைப் பேசுகிறார், சிப்பியுடையதை அல்ல. பதிமூன்றாம் நூற்றாண்டில் தோமா அக்குவினாசே, மனிதன் பாவம் செய்ததால் சிங்கத்தின் சுபாவம் மாறிவிடவில்லை, அது முன்பும் இறைச்சி தின்றதுதான் என்று எழுதினார். மேலும், "புசிக்கும் நாளில் சாகவே சாவாய்" என்று சொல்லப்பட்ட ஆதாம் 930 வருடம் வாழ்ந்தான். அங்கே சாவு என்பதை நேர்ப்பொருள்காரர்களும் ஆவிக்குரிய மரணம் என்றுதானே விளக்குகிறார்கள்? அப்படியானால் உருவகம் உங்கள் வீட்டிலும் இருக்கிறது.

வேதமே விளக்கு

நியாயமான அடி. ஆனால் ரோமர் 8:22 சர்வ சிருஷ்டியும் தவிக்கிறது என்கிறதே? தவிப்பு மனுஷனோடு நிற்கவில்லை.

கல்லும் காலமும்

"பிரசவவேதனைப்படுகிறது" என்று முடிகிறது அந்த வசனம். மரண வேதனை என்று இல்லை. இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் வேலைக்குப் போகிறேன்.

செபமாலை

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து. எங்களுக்கு இந்தச் சண்டை கொஞ்சம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் ஒரு சுற்றுமடலில், மனித உடல் முன்பே இருந்த உயிர்ப்பொருளிலிருந்து வந்ததா என்று ஆராயத் தடையில்லை, ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்றார். ஆனால் ஆதாம் ஒருவரல்ல, பலர் என்று சொன்னால் ஆதாமிலிருந்து எல்லோருக்கும் வரும் பிறப்புநிலைப் பாவத்தோடு அது எப்படி ஒத்துப்போகும் என்று தெரியவில்லை எனக் கதவைப் பாதி சாத்தினார். 1992இன் மறைக்கல்வி நூல், தொடக்க நூல் (நீங்கள் ஆதியாகமம் என்பது) மூன்றாம் அதிகாரம் உருவக மொழியில் பேசுகிறது, ஆனாலும் வரலாற்றின் தொடக்கத்தில் நடந்த ஒன்றைத்தான் சொல்கிறது என்கிறது. மொழி உருவகம், மனிதன் பாவத்தில் விழுந்த வீழ்ச்சி நிஜம்.

பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்ட லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். 1951இல் அதே திருத்தந்தை அந்தக் கொள்கையைப் படைப்புக்கு ஆதாரம்போலப் பேசியபோது அதிகம் சங்கடப்பட்டவரும் அவரே. தொடக்க நூலை அறிவியலால் காப்பாற்றப் போனால், நாளைக்கு அறிவியல் மாறும்போது அதையும் சேர்த்துப் புதைக்க வேண்டிவரும் அல்லவா? நேர்ப்பொருள்காரர்களும் நாத்திக நண்பர்களும் ஒரே இடத்தில் நிற்பதாக எனக்குப் படுவது இதனால்தான்: உண்மை என்றால் அது நிகழ்ச்சி அறிக்கையாகத்தான் இருக்க வேண்டும் என்று இரண்டு பேருமே நினைக்கிறார்கள்.

பழைய ஏட்டுக்காரன்

செபமாலை சொன்ன கடைசி வரிக்கு ஒரு துணை. தீர்க்கதரிசி நாத்தான் தாவீது ராஜாவிடம் வந்து, ஒரு பணக்காரன் ஒரு ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்ததைப் பற்றிச் சொன்னார். தாவீது அதை நடந்த வழக்கு என்றே எடுத்துக்கொண்டு, அப்படிச் செய்தவன் சாகவேண்டும் என்று கொதித்தான். நேர்ப்பொருளாக வாசித்தவன் அவன் ஒருவன்தான்! அப்போது விழுந்தது பதில்: "நீயே அந்த மனுஷன்."

ஆதியாகமம் மூன்றையும் நான் அப்படித்தான் வாசிக்கிறேன். "நீ எங்கே இருக்கிறாய்" என்ற கேள்வி, உடனே "தேவரீர் தந்த ஸ்திரீயானவள்" என்று பழியைத் தள்ளிவிடுகிற வாய். ஒரே வாக்கியத்தில் மனைவிமேலும் கடவுள்மேலும் பழி! அதை என் வாயில் நானே கேட்டிருக்கிறேன். பவுலும் கலாத்தியர் 4இல் ஆபிரகாம் வீட்டு ஆகார், சாராள் கதையை எடுத்து "இவைகள் ஞான அர்த்தமுள்ளவைகள்" என்கிறார். கிரேக்கத்தில் அங்கே நிற்பது உருவகப்படுத்திச் சொல்லுதல் என்ற சொல்லேதான்.

வேதமே விளக்கு

நல்ல உதாரணம் எடுத்தீர்கள், சகோதரரே, ஆனால் அது என் பக்கம் பேசுகிறது. ஆட்டுக்குட்டி கதைதான். தாவீது பத்சேபாளை எடுத்துக்கொண்டது கதையா? அவள் புருஷன் உரியா செத்தது கதையா? தாவீது நிஜமாகவே செய்த பாவம் ஒன்று இருந்ததால்தான் நாத்தானின் கதை குத்தியது. அடியில் நடந்தது எதுவும் இல்லாவிட்டால் "நீயே அந்த மனுஷன்" என்பது வெறும் அவதூறு. ஆகாரும் சாராளும்கூட பவுலுக்கு நிஜப் பெண்கள்தான். அவர்கள்மேல் ஞான அர்த்தத்தை ஏற்றினார். ஏதேன் உருவகம் என்றே வைப்போம். எதன் உருவகம்? மனுஷன் தேவனைவிட்டு விலகியது எப்போது, எங்கே, யார்? பதில் இல்லையென்றால், விலகியபடியேதான் படைக்கப்பட்டான் என்றாகிறது. குற்றம் படைத்தவர்மேல் போகும்.

பழைய ஏட்டுக்காரன்

ஒரு நாள் முழுக்க யோசித்தேன். நாத்தான் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. நான் அவசரப்பட்டுவிட்டேன்.

அதனால் இப்படி மாற்றிச் சொல்கிறேன். ஏதோ ஒன்று நடந்தது. மனிதன் தேவனை அறியும் அளவுக்கு வளர்ந்த ஏதோ ஒரு காலத்தில், அறிந்தே முகத்தைத் திருப்பிக்கொண்டான். அது ஒரு ஜோடியா, ஒரு கூட்டமா, கூட்டத்தில் தேவன் அழைத்த ஒருவனா, எனக்குத் தெரியாது. நம் முன்னோர் எண்ணிக்கை இரண்டு பேராகக் குறைந்ததற்கான அடையாளம் மரபணுவில் இல்லை என்பது அந்தத் துறையின் பெரும்பாலோர் கருத்து. அதனால் ஒரே ஜோடியிலிருந்து எல்லோரும் என்பதை நான் பிடித்துத் தொங்கவில்லை. திரும்பியதை மட்டும் விடவில்லை.

ரோமர் 5:12இல் இன்னொன்று. பழைய லத்தீன் மொழிபெயர்ப்பில் "அவனில் எல்லாரும் பாவஞ்செய்தார்கள்" என்று வாசிக்கும்படி இருந்தது. குற்றமே பரம்பரையாக வருகிறது என்ற அகுஸ்தீனின் போதனைக்கு அது பெரிய தூண். நம் தமிழ் வேதாகமத்தில் என்ன இருக்கிறது? "எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்." கிரேக்கத்தை இன்று பெரும்பாலோர் வாசிப்பதும் இப்படியே. கீழைச் சபைகள் ஆதாமிடமிருந்து வருவது மரணமும் பலவீனமும்தான், அவன் குற்றம் அல்ல என்று போதிக்கின்றன. ஆக, வீழ்ச்சியைப் பற்றி ஒரே ஒரு கிறிஸ்தவ விளக்கம் என்றைக்குமே இருந்ததில்லை.

சும்மா வாசகன் தம்பிக்கு: பலகை எங்கே என்று கேட்டீர்களே. எழுதினவரே நட்டிருக்கிறார். ஏதேனைச் சொல்கிறவர் "நான் பார்த்தேன்" என்று எங்கேயும் சொல்லவில்லை. பேசுகிற பாம்பும் ஜீவவிருட்சமும் வைத்துச் சொல்கிறார். உயிர்த்தெழுதலைச் சொல்லும்போது பவுல், ஐந்நூறு பேருக்கு மேல் கண்டார்கள், பெரும்பாலானவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்கிறார். போய்க் கேட்டுக்கொள் என்கிற தொனி. நடக்கவில்லையென்றால் எங்கள் விசுவாசம் வீண் என்று அவரே எழுதுகிறார். இரண்டும் ஒரே வகை எழுத்து இல்லை.

சும்மா வாசகன்

ஐந்நூறு பேரில் ஒருவர் பேர்கூட இல்லையே என்று கேட்கத் தோன்றுகிறது. அது வேறு இழை, விடுகிறேன். வகை வித்தியாசம் புரிகிறது. நான் வளர்ந்த இடத்தில் யாரும் இப்படி வகை பிரித்துச் சொல்லித் தரவில்லை. எல்லாம் ஒரே எடை, ஒன்றை இழுத்தால் எல்லாம் சரியும் என்றுதான் சொன்னார்கள். சரி, இழுத்துப் பார்த்தேன், சரிந்தது.

ஞாயிறு டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. சும்மா வாசகன், உங்கள் கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தேன். பிள்ளைகளிடம் பேசும்போது இனி அது ஞாபகம் இருக்கும்.

இந்த ஞாயிறு அந்த ஆறு படங்களையும் சுவரில் ஒட்டினேன், ஒரே வரிசையாக அல்ல. மேலே ஒன்று, இரண்டு, மூன்று. அதன் கீழே நாலு, ஐந்து, ஆறு. வெளிச்சத்துக்குக் கீழே சுடர்கள். வானமும் தண்ணீரும் பிரிந்ததற்குக் கீழே பறவையும் மீனும். உலர்ந்த நிலத்துக்குக் கீழே மிருகமும் மனிதரும். "மேல வீடு, கீழ குடி வர்றவங்க" என்று அந்தச் சூரியன் பையனே கண்டுபிடித்துவிட்டான். இது கடிகாரம் இல்லை, ஒரு வீடு கட்டின பாட்டு மாதிரி என்று சொன்னேன். தலையாட்டினார்கள். மஞ்சள் கறை சரியாக அவன் சூரியனுக்கு நேர் மேலே வந்து நின்றது.

அப்புறம் அவள் மறுபடி கையைத் தூக்கினாள். ஏழாம் நாளுக்கு யாரும் படம் வரையவில்லையே என்றாள். வேதாகமத்தை வாங்கி விரலை வைத்துத் தேடினாள். "ஆறு நாளுக்கும் சாயங்காலமும் விடியற்காலமும் இருக்கு. ஏழாவதுக்கு மட்டும் இல்லையே டீச்சர். அது இன்னும் முடியலையா?"

இதற்கு என்ன சொல்ல?

வேதமே விளக்கு

எபிரெயர் நாலாம் அதிகாரம் வாசித்துக் காட்டுங்கள், சகோதரி. பிரவேசிக்கும்படியான இளைப்பாறுதல் இன்னும் இருக்கிறது என்கிறது. இந்த இடத்தில் எனக்கும் பழைய ஏட்டுக்காரருக்கும் சண்டை வராது.

ஆதாம் விஷயத்தில் வரும். "ஏதோ ஒன்று நடந்தது" என்பது எனக்கு இன்னும் போதவில்லை.